அப்பாவின்ர பாட்டுக்கு மகன் வாசிக்கிறான்

ஜோர்ஜ் ஹரிசன் செத்துச் சரியா ஒரு வருசத்தில, 2002 நவம்பர் 29, லண்டன் றோயல் அல்பேர்ட் ஹோலில நண்பர்கள் கூடி அவற்ற பாட்டுகளைப் பாடினவை. ‘கொன்சேர்ட் ஃபோர் ஜோர்ஜ்’ எண்டு படமாயும் வந்தது. அதில நான் தேடித்தேடிப் பாக்கிறது எரிக் கிளப்டனை இல்லை, கிற்றாரோட நிக்கிற மகன் டானியைத்தான். 24 வயசு. அப்பாவை உரிச்சு வைச்ச முகம்.

டானி நிக்கிறதைப் பாத்தா ஜோர்ஜ் மட்டும் இளமையா இருக்க, மற்ற எல்லாரும் கிழடாப்போன மாதிரி இருக்காம். தாய் ஒலிவியா சொன்னதெண்டு போல் மக்கார்ட்னி மேடையில சொல்லுறார். சனம் சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரேல்ல. என்ர அப்பா போன வருசம் அவற்ற கசற்றுகளைத் தொடக்கூட என்னால ஏலேல்ல. இவன் என்னண்டா பாட்டுக்குப் பாட்டு வாசிச்சுக்கொண்டு நிக்கிறான்.

‘சம்திங்’ பாட்டை மக்கார்ட்னி யுகுலேலேயில தனியத் தொடங்குவார். ஜோர்ஜுக்கு உயிரான வாத்தியம் அது. முடிவில ஜோ பிறவுனும் யுகுலேலேயோடதான் வருவார். மேலயிருந்து பூவிதழ் கொட்டிக்கொண்டே இருக்கும்.