உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர்கள்

சோலனிலிருந்து மலைப்பாதையில் நாற்பது கிலோமீட்டர் போனால் ராஜ்கட். இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் பீச் பழத்துக்கென்றே பேர் வாங்கிய ஊர். முந்திப் பழுக்கும் ரகங்களைப் பறித்து முடித்து, 'ஜூலை எல்பர்ட்டா' மட்டும் மரத்தில் நிறம் மாறிக்கொண்டிருந்த சமயத்தில் போயிருந்தேன். இந்த ரகம் பழுப்பதும் பருவமழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். பழ ஈ பெருகுவதும் அப்போதுதான்.

மருந்தடிப்பதைப் பார்க்கலாம் என்றுதான் போனேன். ஆனால் விடிந்ததும் தோட்டத்தில் இறங்கியவர்கள் சாக்குப் பை ஏந்திய பெண்கள். மரத்துக்கு மரம் குனிந்து, அழுகியது, கிளி கொத்தியது, நேற்றிரவு காற்றில் விழுந்தது என்று எதையும் விடாமல் பொறுக்கினார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு பழத்தை என்னிடம் நீட்டினார். வெளியே குறை தெரியவில்லை. காம்புக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு துளை, அதிலிருந்து கசிந்து உறைந்த ஒரு துளிப் பிசின், அவ்வளவுதான். பிட்டுக் காட்டினார். கொட்டையைச் சுற்றிச் சதை பழுப்பாகிக் கூழாகியிருந்தது. அதற்குள் அரிசி அரிசியாக வெள்ளைப் புழுக்கள். ஒன்றை உள்ளங்கையில் விட்டார். அது உடம்பை வளைத்து, தலையையும் வாலையும் ஒன்றுசேர்த்து, சட்டென்று விடுபட்டுத் துள்ளி மண்ணில் போய் விழுந்தது.

"பார்த்தியா பேட்டா? வெயில் ஏறுறதுக்குள்ள நாங்க பொறுக்கலேன்னா இது மண்ணுக்குள்ள போயிடும். அப்புறம் எந்த மருந்தை அடிச்சாலும் மரத்தைக் குளிப்பாட்டின மாதிரிதான்."

மண்ணுக்குள் போன புழு மேல்மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, கோடைச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளியே வரும். பெண் ஈ மறுபடியும் பழுக்கத் தொடங்கிய பழத்தைத் தேடிப்போய், தோலுக்கடியில் முட்டை வைக்கும். அதனால்தான் தினமும் பொறுக்க வேண்டியிருக்கிறது. பொறுக்கியதை இரண்டடிக் குழியில் கொட்டி மண்ணை இறுக்கி மூடுகிறார்கள். குழி வெட்ட ஆள் இல்லாத நாளில் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் காயவிடுகிறார்கள். மேலாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போனால் ஈ முட்டிக்கொண்டு வந்துவிடும்.

கிளைகளில் பொறிகள் தொங்கின. மெத்தில் யூஜினாலும் மாலத்தியானும் ஊறிய சிறு மரக்கட்டை ஒவ்வொன்றிலும் இருந்தது. அந்த வாசனைக்கு மயங்கி வருபவை ஆண் ஈக்கள் மட்டுமே. நம் மாந்தோப்புகளில் தொங்குவதும் இதே பொறிதான். மாம்பழத்தைக் கெடுக்கும் ஈயும் இங்கே வரும் ஈக்களில் ஒன்று. பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெயில் ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதைப் பற்றி 1912இல் எழுதினார். 1915இல் மெத்தில் யூஜினாலின் ஈர்ப்பையும் எழுதினார். நூறு ஆண்டு தாண்டியும் உலகெங்கும் பழத்தோட்டங்கள் அதைக் கைவிடவில்லை. ஆனால் பொறியை மட்டும் நம்ப முடியாது. தப்பிய ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களோடு இணையும். வெல்லக் கரைசலில் மருந்து கலந்து ஆங்காங்கே தெளிப்பது பெண் ஈக்களுக்காக.

வசந்தத்தின் பகை வேறு: இலையைச் சுருட்டும் அசுவினி. மொட்டின் அடியில் குளிர்காலத்தைக் கழித்த முட்டைகள், மொட்டு உப்பும்போது பொரிக்கும். பூ விரிவதற்கு முந்திய சில நாட்கள்தான் மருந்துக்கு வாய்ப்பு. பூத்துவிட்டால் தேனீக்களுக்காகத் தெளிப்பானைக் கீழே வைத்துவிட வேண்டும். இலை சுருண்டுவிட்டாலோ மருந்து உள்ளே எட்டாது.

இந்தத் தோட்டத்தில் மருந்தடிப்பவருக்குக் கூலி கூடுதல். பொறுக்குகிறவர்களுக்குக் களை எடுக்கும் கூலிதான். இது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. எந்தப் பழத்தில் புழு இருக்கிறது, எந்த மரத்தடியில் அதிகம் விழுகிறது, மழைக்கு மறுநாள் எத்தனை பேர் தேவை என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். மேலே தொங்கும் நல்ல பழம் விலைபோவது இவர்கள் கீழே குனிவதால்.

வேலிக்கு அப்பால் இன்னொரு தோட்டம். பராமரிப்பவர் இல்லை, மரத்தடியெங்கும் பழம் அழுகிக் கிடந்தது. அங்கிருந்து கிளம்பும் ஈக்கு வேலி ஒரு பொருட்டில்லை. மழைக்கு முன் அங்கேயும் பொறுக்கிவிடுகிறோம், அனுமதி மட்டும் வாங்கித் தாருங்கள் என்று அந்த மூத்த பெண் முதலாளியிடம் கேட்டார். முதலாளி உடனே போன் போட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதில் பேச்சு நின்றுபோனது. நான் கிளம்பும்வரை முடிவாகவில்லை.