வாழையடி வாழை

'வாழையடி வாழை' என்னும் தொடரை வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் என் நா சற்றே தயங்கும். மரபின் தொடர்ச்சியை வாழ்த்தும் அத்தொடருக்கு மற்றொரு முகமும் உண்டென உணர்த்தியது, கருங்கலில் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற மட்டி வாழையாகும்.

அஃது உம்மா தம் கையால் நட்டது. அவர்கள் மறைந்த மறு ஆண்டு, புதிய இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாகக் குவிந்தன. தண்டின் அடியில் எறும்புகள் சாரைசாரையாக ஏறின. "முடிக்கொத்து நோய், வேரோடு அகற்றிவிடுங்கள்" என்றார் வேளாண்மை அறிந்த நண்பர். மனம் ஒப்பவில்லை. பசுமையாகத் தோன்றிய இரு கன்றுகளை அண்டை வீட்டுப் பெரியவருக்கும் கொடுத்தேன்.

நோயைப் பரப்புவது வாழை அசுவினி. 1859இல் கோக்கரல் என்பார் அதற்குச் சூட்டிய அறிவியற் பெயரில், 'கருநரம்பு' என்னும் பொருள் அமைந்துள்ளது. வாழையினமே அதன் முதன்மை வாழிடம். இலையுறைகளின் இடுக்கில் ஒடுங்கிச் சாறு உறிஞ்சும். ஆணின்றியே பெண் குட்டிகளை ஈனும். கூட்டம் பெருகின் சிறகு முளைத்து அயல் வாழைக்குப் பறக்கும். அது கசியவிடும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் காவல் நிற்கின்றன. வியப்பென்னவெனில், நச்சுயிரி தாய் அசுவினியிடமிருந்து குட்டிக்குச் செல்வதில்லை. தாய் வாழையிடமிருந்து கன்றுக்கோ தவறாது செல்லும்! பழனி மலைச்சரிவின் விருப்பாச்சி வாழையைப் பேரளவில் அழித்ததும் இந்நோயே.

சில திங்களில் பெரியவரின் மட்டி வரிசை முழுதும் முடிக்கொத்தாயிற்று. "தெரியாமத்தானே தந்தீங்க சாரே" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. ஒரு வாரம் கழித்துச் சென்று, தெரிந்தே தந்ததைக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "வாங்க, உங்க வாழையையும் தோண்டிருவோம்" என்றார். அசுவினிகள் பறந்துவிடாதபடி முதலில் மருந்து தெளித்தோம். பின்னரே கிழங்கோடு அகழ்ந்தெடுத்தோம். என் கண்கள் கலங்கின. அவர் கண்டும் காணாதவர்போல் நின்றார்.

2023இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நோயற்ற கன்றொன்றை எனக்குக் கொணர்ந்து தந்தவரும் அவரே.

மாணவச் செல்வங்களே! முன்னோர் தந்ததென்பதால் மட்டும் ஒன்று நலமுடையதாகிவிடாது. அடுத்தவர் கையில் கொடுக்குமுன் அதன் அடியைச் சற்றே விலக்கிப் பாருங்கள். அன்பும் அதனைத்தான் நம்மிடம் கேட்கிறது.