அப்பாவின் ரத்தம்

என் அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. கொக்கி கையைக் கிழித்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். "நம்ம ரத்தம் சட்டுன்னு உறைஞ்சிடும்டா" என்று பெருமை வேறு.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. "வாயுடா, ஒரு சோடா வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் வீணாய்ப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். இதயத்தின் ரத்தக் குழாயில் படிந்திருந்த கொழுப்பு வெடித்திருக்கிறது. அதையும் ஒரு காயமாக எண்ணி ரத்தம் உறைந்துவிட்டது. முதலில் தட்டணுக்கள் வந்து ஒட்டும். பிறகு பைப்ரினோஜன் என்ற புரதம் நூலாக மாறி வலை பின்னும். கையைக் காப்பாற்றிய அதே உறைதல்தான் நெஞ்சை அடைத்தது!

பைப்ரினோஜனும் ஏழாம் உறைவுக் காரணியும் அதிகமுள்ள ஆண்களுக்கு இதய நோய் ஆபத்து அதிகம் என்று 1986இல் லண்டன் நார்த்விக் பார்க் ஆய்வு காட்டியது. புகைப்பதால் பைப்ரினோஜன் கூடும். அப்பாவுக்கோ தினம் இரண்டு கட்டு பீடி!

உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேசும், தட்டணுக்களைத் தடுக்கும் ஆஸ்பிரினும் உயிர் காக்கும் என்பதை 17,187 நோயாளிகளிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988இல் நிரூபித்தது. கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சீக்கிரம் போட்டால் பலன் அதிகம்.

அப்பா பிழைத்தார். ஆனால் இனி மூட்டை தூக்க முடியாது. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எனக்கே அன்று தெரியவில்லையே!

நண்பர்களே, வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் சோடா கடைக்கு ஓடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.