ஆறப் பொறுப்பதும் ஆறிப் போவதும்

சென்ற திங்கள் குருகிராமத்திலிருந்து நம் மகன் தொலைபேசியில் அழைத்தான். நமக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கித் தரும் எண்ணம் அவனுக்கு. "எட்டு-கே என்று ஒரு வகை வந்திருக்கிறது அப்பா. இப்போதே வாங்கிவிடலாமா, இரண்டு ஆண்டு பொறுக்கலாமா? இன்று வாங்கி, நாளைக்கே அது பழசாகிவிட்டால் என்ன செய்வது?" என்று வினவினான். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் பேச்சை முடித்தோம்.

புதுப்பொருளை முந்தி வாங்குவோர் ஏமாறுவரா என்னும் இவ்வினா நமக்குப் புதிதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே தில்லியில் இதே வினா நம்மை உறங்கவொட்டாமல் செய்தது உண்டு. அப்போது ஒரு முறை முந்தினோம். பின்னர் ஒரு முறையும் முந்தினோம். ஒன்றில் பிறர் நகைத்தனர், நாம் இழக்கவில்லை. மற்றொன்றில் பிறர் மெச்சினர், நாம் இழந்தோம். அக்கணக்கை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் மைய அரசுப் பணியேற்றுத் தலைநகருக்கு வந்தது 1974ஆம் ஆண்டில். இங்கே தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்றே சோதனை முறையில் தொடங்கிவிட்டது. பம்பாய்க்கு 1972இலும் சென்னைக்கு 1975இலும்தான் அது எட்டியது. ஆதலால் ஊரிலிருந்து வரும் உறவினருக்குக் குதுப்மினாரைப் போலவே தொலைக்காட்சியும் தில்லியில் காட்ட வேண்டிய காட்சிகளுள் ஒன்றாக இருந்தது. நம் வீட்டில் பெட்டி இல்லை. இராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் எதிர்வீட்டுச் சர்தார்ஜியின் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்து, 'சித்ரஹார்' பார்த்துத் திரும்புவதே வழக்கம்.

1982இன் தொடக்கத்தில் நாமும் ஒரு பெட்டி வாங்குவதென முடிவு செய்தோம். ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுகள். அதற்கு முன்னரே வண்ண ஒளிபரப்பு வந்துவிடும் என்று அலுவலகமெங்கும் பேச்சு. திருநெல்வேலி நண்பரொருவர் நம்மைத் தடுத்தார். "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா, சார்? இன்னும் ஆறு மாதத்தில் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் காயலான் கடைக்காரன்கூடச் சீண்டமாட்டான்" என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. வண்ணப் பெட்டிக்கோ நம் சேமிப்பு எட்டாது. விலை இறங்கும் வரை காத்திருப்பதே அறிவுடைமை என்று நாமும் எண்ணத் தலைப்பட்டோம்.

அந்நிலையில் கும்பகோணத்திலிருந்து நம் தந்தையார் வந்து சேர்ந்தார். கண்ணில் ஏதோ குறை. படியில் கால் வைக்கத் தடுமாறினார். இங்குள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் காட்டினோம். கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெடுகிறது என்றார் மருத்துவர். முதலில் பக்கப் பார்வை சுருங்கும், நடுப்பார்வை கடைசியில் போகும், போன பார்வை திரும்பாது, எஞ்சியிருப்பதைச் சொட்டு மருந்தால் முடிந்தவரை காக்கலாம் என்பது அவர் கூறியதன் சாரம். தந்தையார் அதைத் தம் மொழியில் சொன்னார்: "ஜன்னல் கதவை யாரோ கொஞ்சம் கொஞ்சமா சாத்திண்டே வரா மாதிரி இருக்குடா."

மறுவாரமே கறுப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்தோம். மாடியில் ஆண்டெனா ஏறியது. அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் செலுத்தினோம். திருநெல்வேலி நண்பர் தலையை ஆட்டிக்கொண்டார்.

1982 ஆகஸ்டு 15. செங்கோட்டையிலிருந்து முதன்முறையாக வண்ணத்தில் நேரடி ஒளிபரப்பு. நம் பெட்டியில் படமே வராதோ என்னும் அச்சம் முந்தின இரவு முழுதும் இருந்தது. வந்தது. எப்போதும் போலச் சாம்பல் நிறத்தில் தெளிவாகவே வந்தது. கொடியின் மேற்பட்டை வெளிர்சாம்பலாகவும் கீழ்ப்பட்டை கருஞ்சாம்பலாகவும் தெரிந்தன. வண்ணம் இல்லையே என்று நாம் வருந்தியபோது தந்தையார், "மூவர்ணக் கொடிக்கு என்ன நிறம்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அது தற்செயலாக வந்த படமன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். வண்ண ஒளிபரப்பை வகுத்தவர்கள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அனுப்பவில்லை. சிவப்பில் 30 பங்கு, பச்சையில் 59 பங்கு, நீலத்தில் 11 பங்கு எனக் கூட்டி, நூறு பங்கான ஒளிச்செறிவு ஒன்றை ஆக்கி, அதனைப் பழைய கறுப்பு வெள்ளை அலையின் இடத்திலேயே அனுப்பினர். வண்ணச் செய்தியை அதன் இடைவெளிகளில் செருகினர். பழைய பெட்டி ஒளிச்செறிவை மட்டும் எடுத்துக்கொண்டு, வண்ணத்தைப் புறக்கணித்துவிடும். காவி வெளிறியும் பச்சை கறுத்தும் தெரிந்ததன் காரணமும் அப்பங்கீடே. பழைய பெட்டிக்காரனைக் கைவிடலாகாது என்று எவரோ எண்ணி, அதற்கெனக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் எப்போதும் அப்படி எண்ணினார்கள் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனத்தின் வண்ண முறைக்கு 1950இல் அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1951 ஜூனில் ஒளிபரப்புத் தொடங்கியது. மக்கள் வீடுகளில் ஏற்கெனவே இருந்த பெட்டிகளில் அந்த ஒளிபரப்பு படமாகத் தெரியாது. கொரியப் போரைக் காரணங்காட்டி அவ்வாண்டு அக்டோபரிலேயே அது நிறுத்தப்பட்டது. விற்பனைக்குப் போன மிகச் சில பெட்டிகளும் வீணாயின. பழைய பெட்டிகளுக்கும் பொருந்திய வேறொரு முறை 1953 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அதற்கென 1954இல் வந்த முதற்பெட்டி ஒன்றின் விலை ஆயிரம் டாலர். அதே ஆண்டில் அது பாதியளவாகக் குறைந்தது. முந்தி வாங்கினவர் பணத்தில் இழந்தார். ஆனால் அவர் பெட்டியை அந்நாட்டு ஒளிபரப்பு 2009 வரை கைவிடவில்லை.

இலண்டனின் கதை இன்னும் சுவையானது. 1936 நவம்பர் 2 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியபோது பேர்டின் 240 வரி முறையும் மார்க்கோனி-ஈ.எம்.ஐ.யின் 405 வரி முறையும் மாறி மாறி ஒளிபரப்பாயின. மூன்றே மாதங்களில் பேர்டு முறை கைவிடப்பட்டது. முதற்பெட்டிகள் இரு முறைகளையும் ஏற்கும் வண்ணம் அமைந்திருந்ததால் வாங்கினவர் தப்பினர். போரின்போது ஏறக்குறைய ஏழாண்டுகள் திரை இருண்டதுண்டு. எனினும் அந்த 405 வரி ஒளிபரப்பு 1985 வரை தொடர்ந்தது.

மீண்டும் நம் கூடத்திற்கு வருவோம். அந்த நவம்பர், டிசம்பரில் தந்தையார் ஆசிய விளையாட்டுகளை ஒரு நாளும் விடவில்லை. பி.டி. உஷா இரு ஓட்டங்களில் வெள்ளி வென்றதும் வல்சம்மா தடை ஓட்டத்தில் பொன் வென்றதும் கண்டு மகிழ்ந்தார். ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் ஏழுக்கு ஒன்றென்று தோற்ற மாலையில் இரவுணவை மறுத்துவிட்டார்.

அக்காலத்தில் ஒன்றைக் கவனித்தோம். பெட்டி வந்தபோது அவரது பிரம்பு நாற்காலி அதற்கு ஐந்தடி தள்ளி இருந்தது. தீபாவளிக்குள் ஏழடியாயிற்று. பார்வை மங்குபவர் பெட்டியை நெருங்கியல்லவா அமர்வார் என வியந்து கேட்டோம். "கிட்ட உட்கார்ந்தா நடுவிலே மட்டும்தான் தெரியறது. தள்ளி உட்கார்ந்தா மொத்தப் படமும் ஜன்னலுக்குள்ளே வந்துடறது" என்றார். சுருங்கும் பார்வைக்குள் முழுத்திரையும் அடங்குமாறு மாதந்தோறும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். 1983 கோடையில் நாற்காலியின் முதுகு சுவரைத் தொட்டது. அதற்கப்பால் நகர இடமில்லை.

அவ்வாண்டு ஜூன் 25 அன்று உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதியாட்டம். தந்தையார் சுவரோரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்; நாம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தியா எடுத்த 183 ஓட்டங்களில் நம் ஊர் ஸ்ரீகாந்தின் 38தான் மிகுதி என்றதும் முகம் மலர்ந்தார். கபில்தேவ் பின்னோக்கி ஓடி ரிச்சர்ட்ஸின் பந்தைப் பிடித்தபோது, "எப்படிப் பிடிச்சான்? ஓடிண்டேவா?" என்று இரு முறை கேட்டு, நம்மை எழுந்து ஓடிக்காட்டச் சொன்னார். ஓடிக்காட்டினோம்.

அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் மறைந்தார். அந்தப் பெட்டி பிறகும் ஐந்தாண்டுகள் பழுதின்றி ஓடியது. வண்ணத்துக்காகக் காத்திருந்தால், வண்ணப்பெட்டி நம் கைக்கு எட்டும் விலையில் வந்திருக்கும்; அதன் முன் அமர அவர் இருந்திருக்கமாட்டார். ஆறப் பொறுக்கச் சொல்லும் பழமொழியை நண்பர் நினைவூட்டினார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதும் நம்மவர் மொழிதான்.

இதைக் கொண்டு முந்துவதே மேல் என்று நாம் முடிவு கட்டியது அடுத்த பிழை. 1985இல் வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் வழியாக ஒளிநாடாக் கருவி ஒன்றை வாங்கினோம். பீட்டா வகை, படம் தெளிவில் சிறந்தது என்று கேள்வி. குடியிருப்பிலேயே முதற்கருவி நம்முடையதுதான் எனப் பலரும் வந்து பார்த்துப் பாராட்டினர். நம் பகுதியில் நாடா வாடகைக்குத் தரும் கடைகளிலோ வி.எச்.எஸ். நாடாக்களே இருந்தன. கருவியோடு வந்த நான்கு நாடாக்களையே திரும்பத் திரும்பப் போட்டோம். கருவியில் குறையேதும் இல்லை. அதற்குத் தீனி இல்லை. முடிவில் அது நாம் அஞ்சிய அதே காயலான் கடைக்குப் போயிற்று. அதே பணத்தில் அன்று வண்ணப்பெட்டி வாங்கியிருந்தால், 1987இல் இராமாயணத் தொடர் வந்தபோது நம் இல்லத்தாள் ஞாயிறுதோறும் அயல்வீட்டுக்குப் போயிருக்க வேண்டாம்.

பின்வந்த ஆண்டுகளும் இதனையே வேறு வேறு உருவில் காட்டின. 2012 அக்டோபர் இறுதியில் தில்லியில் பழைய முறைக் கேபிள் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, நம் பழைய படக்குழாய்ப் பெட்டி ஒரு சிறு 'செட்-டாப்' பெட்டியின் துணையால் பிழைத்துக்கொண்டது. நம் மகன் 2011இல் வாங்கிய முப்பரிமாணத் தொலைக்காட்சிக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2017க்குள் பெரிய நிறுவனங்களே அவ்வகையைக் கைவிட்டன. அதற்குரிய கண்ணாடிகள் இன்றும் அவன் மேசையறையில் உறங்குகின்றன. இக்காலத்து இணையப் பெட்டிகளின் முதுமை வேறு வகையினது. திரையில் கீறல் இல்லை, ஒலியில் குறை இல்லை. உள்ளிருக்கும் செயலிகள் மட்டும் 'இனி இயங்கா' என்று ஒருநாள் கைவிரிக்கின்றன.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கையில் நமக்குத் தெளிவானது இது. பெட்டி தன்னளவில் பழசாவதில்லை. அதற்குப் படம் அனுப்புவோர் அதை மறக்கும் நாளில்தான் பழசாகிறது. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இக்கருவிக்கு இன்றே படம் தருவோர் உளரா என்பது. அடுத்தது, நாளை புதுமுறை வந்தாலும் இதை அரவணைக்குமா என்பது. இவ்விரண்டுக்கும் விடை ஆமெனில், பிறகு விலை இறங்குவதால் வரும் நட்டம் முந்தினவர் செலுத்தும் வாடகை போன்றதே. அந்த வாடகை தகுமா என்பது, இன்று அதன்முன் அமரப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

எட்டு-கேயை இவ்வாறு உரைத்துப் பார்த்தோம். அத்திரையில் மூன்று கோடியே முப்பது இலட்சம் புள்ளிகள். நான்கு-கே திரையைப் போல நான்கு மடங்கு. ஜப்பானின் என்.எச்.கே. 2018 டிசம்பரில் அதற்கென ஒளிபரப்பே தொடங்கியது. நம் வீட்டுக்கு வரும் நிகழ்ச்சிகளோ அந்நுட்பத்தில் அமைந்தவை அல்ல. கூடத்தின் மறுகோடியில் அமர்ந்தால் அத்தனை புள்ளிகளையும் நல்ல கண்ணே பிரித்தறியாது.

நம் கண்ணோ நல்ல கண்ணன்று. இந்நோய் குடும்ப வழியிலும் வரக்கூடியது. சென்ற ஆண்டுச் சோதனையில் நமக்கும் அதுவே என்று தெரிந்தது. இக்காலத்தில் நல்ல மருந்துகள் இருக்கின்றன. இரவுதோறும் சொட்டு விட்டுக்கொள்கிறோம். அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். மகன் பெட்டி வாங்கித் தர விரைவதன் காரணத்தை அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நேற்று அவனை அழைத்து, எட்டு-கே வேண்டாம், நான்கு-கே போதும், ஆனால் விலை இறங்கும் வரை காத்திராமல் இம்மாதமே வாங்கிவிடு என்றோம். சுவரில் எங்கே பொருத்துவது என்று அளவெடுக்கக் கடையிலிருந்து ஆள் வருவார் என்றான். வரட்டும், நாற்காலியை எங்கே போடுவது என்பதை மட்டும் நாமே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறோம்.