எறும்பு வீட்டு விருந்தாளி

குற்றாலம் சீசனில் ஐந்தருவிக்குப் போகிற கூட்டத்தில் யாரும் காலடியைப் பார்ப்பதில்லை. தலையில் எண்ணெய், கையில் துண்டு, கவனமெல்லாம் பஜ்ஜிக் கடை மேல். தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். அந்த தூரத்துக்குள் மண்ணுக்கடியில் எத்தனை எறும்பு ஊர்கள் இருக்கும் என்று எண்ணி மாளாது.

எறும்பு ஊருக்குள் வெளியாள் நுழைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உள்ளே கும்மிருட்டு. கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது, உடம்பு வாசனைதான் ரேஷன் கார்டு. பக்கத்துப் புற்று எறும்பு, அதே இனமாக இருந்தாலும், தவறி வந்துவிட்டால் பிய்த்து எறிந்துவிடுவார்கள். இவ்வளவு காவலையும் தாண்டி உள்ளே போய், சாப்பாட்டோடு குடியிருக்கிற வண்டுகள் இருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

பாசஸ் என்று ஒரு வண்டு இனம். 1775-ல் லின்னேயஸ் வைத்த பெயர். சாதாரண வண்டுக்கு உணர்கொம்பு நூல் மாதிரி இருக்கும். இதற்கோ தலையில் இரண்டு மொச்சைக்கொட்டையை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். இந்தியாவில் கிடைத்த பாசஸ் வகைகளை, புலி வண்டுகளோடு சேர்த்து, ஃபௌலர் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1912-ல் ஒரு தனிப் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வீங்கின கொம்பிலும் உடம்பிலும் உள்ள மயிர்க்கற்றைகளில் ஏதோ ஒன்று சுரக்கிறது. எறும்புகள் அதை நக்கி நக்கி மயங்கிக் கிடக்கின்றன. வண்டு மெதுவாக அந்தப் புற்றின் வாசனையைத் தன் மேல் பூசிக்கொள்கிறது. அப்புறம் நேராகக் குழந்தைகள் அறைக்குப் போய், எறும்புப் புழுவைக் கடித்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிக் குடிக்கிறது. அம்மாக்காரி பக்கத்திலேயே நின்று வண்டைத் துடைத்துவிட்டுக் கொண்டிருப்பாள். (அம்மா என்பது தப்பு, அக்கா. வேலைக்கார எறும்புகள் எல்லாம் அக்கா தங்கைகள்தான்.)

இதோடு முடிந்ததா? 2015-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் பாசஸ் ஃபேவியரி என்ற வகையின் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். உடம்பை உரசி அது எழுப்பும் சத்தங்கள் வேலைக்காரி, சிப்பாய், ராணி என்று மூன்று பேர் சத்தத்தையும் ஒத்திருந்தன. வாசலில் ரேஷன் கார்டு காட்டியாகிவிட்டது, உள்ளே போய் முதலாளியம்மா குரலிலேயே பேசுகிறது! குட்டு உடைந்தாலும் கவலையில்லை. பின்பக்கத்திலிருந்து சுடச்சுட ஒரு நெடியான திரவத்தைப் பீய்ச்சி அடித்துத் தப்பிக்கப் பார்க்கும்.

எறும்பு ஏமாளி என்று சிரிக்கத் தோன்றும். அது அவ்வளவு சரியில்லை. ஆயிரக்கணக்கான பேர் இருட்டில் ஒருவரையொருவர் சந்தேகப்படாமல் வேலை பார்க்க அந்த வாசனை ஒன்றுதான் வழி. அதை எடுத்துவிட்டால் புற்றே இல்லை. வண்டு கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான். ஒரு புற்றில் ஒன்றிரண்டு வண்டு புகுந்தால் கணக்கில் சின்ன நஷ்டம், அவ்வளவே. சாப்பாடு போடும் வீடு திவாலாகிற அளவுக்குப் பெருகினால் வண்டுக்கும் பிழைப்பு போய்விடும்.

இந்தக் கூத்து நேற்று ஆரம்பித்ததும் இல்லை. குஜராத்தின் காம்பே பகுதியில் கிடைத்த அம்பருக்குள் ஒரு குட்டி வண்டு சிக்கியிருந்தது. பாசஸ் குடும்பம் இல்லை, வேறு வம்சம். ஆனால் தொழில் அதேதான், மயிர்க்கற்றைகூட அப்படியே இருந்தது. வயது சுமார் 5.2 கோடி வருடம். 2014-ல் அதற்கு புரோட்டோகிளாவிகர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு மியான்மர் அம்பரில் இன்னும் பழைய ஒன்று கிடைத்து, கணக்கு சுமார் 10 கோடி வருடத்துக்குப் போய்விட்டது.

புற்றைத் தோண்டி இவற்றைத் தேட வேண்டாம், பாவம் எறும்புகள். மழைக்காலத்து ராத்திரியில் பாசஸ் வண்டுகள் வெளிச்சத்துக்குப் பறந்து வருவதுண்டு. சாரல் நேரத்தில் லாட்ஜில் தங்கினால் வராந்தா டியூப்லைட் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம். மொச்சைக்கொட்டைக் கொம்போடு ஏதாவது உட்கார்ந்திருந்தால் வெறுங்கையால் மட்டும் எடுக்காதீர்கள். விரலில் கறை பிடித்தால் லேசில் போகாது.