ஒரு பைசா வித்தியாசம்

காரைக்குடி செக்காலைச் சாலையில், எவர்சில்வர்ப் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில், பிறர் எழுதிவைத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களைப் புதிய லினக்ஸ் யந்திரங்களில் மீண்டும் ஓடச் செய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்ட சிலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்கள் வேலை செய்யும் விதத்தை நேரில் காணும் ஆவலுடன் சென்றிருந்தேன். புதிதாக ஒன்றைச் சிருஷ்டிப்பவர்களைப் பற்றி எழுதப் பத்திரிகைகளில் எப்போதும் இடம் உண்டு. சிருஷ்டிக்கப்பட்டதைச் சாகாமல் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி எழுத அவ்வளவாக யாரும் முன்வருவதில்லை.

இத்தகைய தொழில் இவ்வூரில் நடப்பது அதிசயமன்று. 1947இல் இங்கே கலைக் கல்லூரியைத் தொடங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கென்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலையில் ஜவஹர்லால் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டிய நாள் முதலாக, விஞ்ஞானம் இவ்வூருக்கு அந்நியச் சரக்காக இருந்ததில்லை. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகமும் எழுந்தது. இந்தக் கல்வி ஸ்தாபனங்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டாலும், ஊரைவிட்டு அகலாத சிலரும் இருக்கவே செய்கிறார்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டதும், அதையொட்டிய காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியதும் பலருக்கு நினைவிருக்கலாம்; அதற்கும் முன்பாகவே, லைசென்ஸ் கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லினக்ஸைத் தேர்ந்தெடுத்த சிக்கன புத்திக்காரர்கள் செட்டிநாட்டில் உண்டு. அவர்கள் அன்று எழுதி வாங்கிய புரோகிராம்களுக்குத்தான் இப்போது மூப்பு வந்திருக்கிறது.

நான் சென்ற சமயத்தில் மேஜைமேல் இருந்தது, பக்கத்து ஊர் நிதி நிறுவனம் ஒன்றின் வட்டிக் கணக்குப் புரோகிராம். 2002இல், சி++ என்னும் கம்ப்யூட்டர் பாஷையில், ரெட்ஹாட் லினக்ஸ் 7.3இன்மீது எழுதப்பட்டது. எழுதியவர் வெளிநாடு போய்ப் பல காலம் ஆயிற்று. புரோகிராமில் குறை ஒன்றும் இல்லை. அதைத் தாங்கிய சர்வர்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தது, அதற்கு மாற்று உதிரிப் பாகமும் சந்தையில் இல்லை. ஆகவே புது யந்திரம், புது லினக்ஸ், ஆனால் அதே பழைய புரோகிராம் என்பது முதலாளியின் நிபந்தனை.

இந்த நிபந்தனை கேட்பதற்கு எளியது. அதில் உள்ள சிரமத்தை, அங்கே மூத்தவரும், அழகப்பா பொறியியற் கல்லூரியில் படித்தவருமான ஒருவர் எனக்கு நிதானமாக விளக்கினார். மனிதன் எழுதுவது சோர்ஸ் கோடு. அதை யந்திரத்துக்கு உரிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அப்படி மாற்றப்பட்ட பின்னரும் புரோகிராம் தன்னந்தனியே நிற்பதில்லை. எழுத்துகளை அச்சிடவும், கோப்பைத் திறக்கவும், எண்களைக் கையாளவும் வேண்டிய காரியங்களை, யந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரிகளிடமிருந்து ஓடும்போது கடன் வாங்கிக்கொள்கிறது. எந்தப் பெயரில் கேட்பது, எந்த வரிசையில் தருவது, எத்தனை பைட்டில் பெறுவது என்றெல்லாம் இவ்விருவருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டு. கம்பைலர் மாறினால் உடன்படிக்கையின் ஷரத்துகளும் மாறக்கூடும். லினக்ஸின் மையமான கெர்னல், பயனாளரின் புரோகிராமை ஒருபோதும் முறிக்கக் கூடாது என்பதை, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறார். ஆனால் அந்த விதி கெர்னலோடு நின்றுவிடுகிறது, அதன்மேல் அடுக்கப்பட்ட லைப்ரரிகளை அது கட்டுப்படுத்துவதில்லை.

முதற் பரீட்சையாக, பழைய யந்திரத்திலிருந்து புரோகிராமை அப்படியே பிரதி எடுத்து, புதிய யந்திரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று திரையில் பதில் வந்தது. கோப்பு அங்கேதான், கண்முன்னே, இருந்தது. தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண் ஒருவர், என் திகைப்பைக் கண்டு, "கோப்பு இருக்குங்க ஐயா. அது 32 பிட் புரோகிராம். அதை ஏத்திவிட ஒரு லோடர் வேணும். 64 பிட் லினக்ஸ்ல அது இயல்பா வராது. லோடரைக் காணோம்னு சொல்லாம, கோப்பையே காணோம்னு சொல்லுது" என்றார். லோடரைக் கொண்டுவந்து வைத்ததும் அடுத்த குறை எழுந்தது. 2002இல் இருந்த சி++ லைப்ரரி இல்லை.

இந்த இடத்தில் ஜி.சி.சி. என்ற கம்பைலரின் சரித்திரத்தைச் சிறிது சொல்லாமல் முடியாது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் முதன்முதல் வெளியிட்ட அந்தக் கம்பைலரை, பின்னர் உலகெங்கும் உள்ள நிபுணர்கள் பலர் சேர்ந்து வளர்த்துவந்தார்கள். 2000ஆம் ஆண்டில் ரெட்ஹாட் நிறுவனம், முடிவுறாத நிலையில் இருந்த வளர்ச்சிப் பிரதி ஒன்றை எடுத்து, 2.96 என்று எண் இட்டுத் தன் லினக்ஸோடு விநியோகித்தது. அது எங்கள் வெளியீடு அன்று, அதில் கட்டிய சி++ புரோகிராம்கள் முந்தியதோடும் பொருந்தா, பிந்தியதோடும் பொருந்தா என்று ஜி.சி.சி. குழுவினர் அவ்வாண்டு அக்டோபரிலேயே பகிரங்கமாக எச்சரித்தார்கள். எச்சரிக்கையைப் படிக்காத எத்தனையோ பேரில் நமது வட்டிக் கணக்குப் புரோகிராமை எழுதியவரும் ஒருவர். 2015இல் வந்த ஜி.சி.சி. 5, எழுத்துச் சரங்களைச் சேமிக்கும் முறையை மாற்றியபோது, பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே லைப்ரரிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள் என்றால், முந்தைய அனுபவங்கள் கற்பித்த பாடம் அதில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நல்லவேளையாக, சோர்ஸ் கோடு ஒரு பழைய சி.டி.யில் கிடைத்தது. அதைப் புதிய கம்பைலரிடம் கொடுத்தபோது பிழைப் பட்டியல் திரையை நிறைத்துக்கொண்டு ஓடிற்று. தரநிலை வகுக்கப்படுவதற்கு முன் வழக்கில் இருந்த சி++ தலைப்புக் கோப்புகளை ஜி.சி.சி. 2008இலேயே நீக்கிவிட்டது, நீளம் பார்க்காமல் உள்ளீட்டை வாங்கும் அபாயகரமான கட்டளை ஒன்றும் பாஷையிலிருந்தே விலக்கப்பட்டுவிட்டது. முன்பு கம்பைலர் கண்டும் காணாமல் விட்ட அசிரத்தைகளை எல்லாம் இப்போது குற்றமாகக் கொள்கிறது. கண்டிப்பைத் தளர்த்தச் சொல்லும் கட்டளைகளும் உண்டு. அவற்றைக் கொடுத்தால் கம்பைலர் முணுமுணுத்துக்கொண்டே பணிந்துவிடும். ஆனால் இந்த மாடியில் அவ்வாறு செய்வதில்லை. தேவகோட்டைப் பெண் ஒவ்வொரு பிழையையும் படித்து, எழுதியவர் என்ன கருதி இவ்வரியை எழுதியிருப்பார் என்று யோசித்து, அந்தக் கருத்து கெடாமல் வரியைத் திருத்தினார். தாம் காணாத ஒருவருடைய மனத்தைக் குற்றம் சொல்லாமல் புரிந்துகொள்ளும் அந்தப் பொறுமைதான் இத்தொழிலின் முதல் லட்சணம் என்று எனக்குத் தோன்றிற்று.

பிழைகள் தீர்ந்து புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகே உண்மையான வேலை ஆரம்பமாயிற்று. பழைய தரவுக் கோப்பைத் திறந்தால், கடன்தாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொகை நின்றது. பழைய 32 பிட் லினக்ஸில் 'லாங்' என்னும் எண் வகைக்கு நான்கு பைட். 64 பிட் லினக்ஸில் எட்டு. ஒவ்வொரு பதிவிலும் அந்த நான்கு பைட் இடம் தள்ளிப்போய், பத்தி முழுவதும் சரிந்துவிடுகிறது. இதைக் கம்பைலர் பிழை என்று சொல்வதே இல்லை. கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதுவும் சரிசெய்யப்பட்டு, பழைய யந்திரமும் புதிய யந்திரமும் ஒரே மாதத்து வட்டியைத் தனித்தனியே கணக்கிட்டு அச்சிட்ட தாள்களை, நிதி நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை வந்து ஒப்பிடலானார். எழுபதைத் தாண்டியவர், அவர் தகப்பனாரும் அதே குடும்பத்தில் கணக்கு எழுதியவராம். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, "ஆத்தா, இங்கே ஒரு பைசா கூடுதே" என்றார். இன்னும் சில இடங்களிலும் அப்படியே கூடியிருந்தது.

காரணம் நுட்பமானது. 1.90 ரூபாயைப் பைசாவாக்க அதை 100ஆல் பெருக்க வேண்டும். ஆனால் 1.9 என்னும் எண்ணை இரண்டடிமான முறையில் துல்லியமாக எழுத இயலாது. யந்திரம் அதற்கு ஓர் இம்மி குறைந்த எண்ணையே வைத்திருக்கிறது. பழைய 32 பிட் முறையில் பெருக்கல் 80 பிட் அகலத்தில் நடப்பதால் அந்த இம்மிக் குறைவு மறையாமல் நிற்கிறது. பின்னத்தை வெட்டினால் 189 பைசா. புதிய முறையில் 64 பிட்டிலேயே பெருக்கி, அருகில் உள்ள எண்ணுக்குச் சரிசெய்துவிடுவதால் 190. இந்த வேறுபாடு ஜி.சி.சி.யின் குறைப்பதிவேட்டில் 323ஆம் எண்ணாக 2000ஆம் ஆண்டிலேயே பதிவாகி, வெகுகாலம் விவாதிக்கப்பட்ட ஒன்று. ஆக, புது யந்திரத்தின் விடைதான் நியாயமானது. இத்தனை காலம் பிழை செய்துவந்தது பழையதே.

"அப்படியானால் பழைய கணக்கையெல்லாம் திருத்திவிடலாமா?" என்று நான் கேட்டேன். கணக்குப்பிள்ளை தலையை அசைத்தார். "அச்சடிச்சுக் கையில கொடுத்த சிட்டைதான் கணக்கு. 1957 ஏப்ரல் ஒண்ணாந் தேதி நயா பைசா வந்தப்போ, ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் காலை எங்கே போடுறது? எங்க அப்பா பழைய பேரேட்டுல கை வைக்கலை. அன்னைத் தேதியில நிலுவையை எடுத்து, புதுப் பேரேட்டுல வரவு வச்சாரு. நீங்களும் ஒரு தேதி குறிங்க, தம்பி" என்று மூத்தவரைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் சாஸ்திரம் அறியாத அந்தப் பெரியவரின் தீர்ப்பே அங்கே நிறைவேறிற்று. குறித்த தேதிவரை உள்ள கணக்குகள் பழைய முறையில் முடிக்கப்பட்டு நிலைநிறுத்தப்பட்டன. அதன்பின் பணம் அனைத்தும் பின்னமில்லாத பைசாவாகவே கணக்கிடப்படும்படி புரோகிராம் மாற்றி எழுதப்பட்டது.

இவ்வளவு சிரமப்படாமலும் ஒரு வழி உண்டு. பழைய லினக்ஸின் லைப்ரரிகளையெல்லாம் ஒரு கண்டெய்னருக்குள் அப்படியே அடைத்து, புதிய யந்திரத்தில் பழைய சூழலை நடித்துக் காட்டலாம். அவசரத்துக்கு அது உத்தமம். ஆனால் அந்தச் சூழலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. 32 பிட்டாகவே காலம் தள்ளலாம் என்றால், 2025 மே மாதம் வெளிவந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10இல் 32 பிட் பொதிகளே இல்லை. அதோடு, 1970 முதல் விநாடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரம், 2038 ஜனவரி 19ஆம் தேதி காலை 8.44க்கு, இந்திய நேரப்படி, நிரம்பிவிடும். அடுத்த விநாடியில் அது 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று நினைப்பது தவறு. பதினைந்து வருஷத் தவணையில் இன்று கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு அந்தத் தேதி இன்றைக்கே வந்துவிட்டது.

இவர்கள் வேலையைப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இதுதான்: பழைய புரோகிராம் தானாகக் கெடுவதில்லை, அது எதை நம்பி எழுதப்பட்டதோ அதைக் குறித்துவைக்காத நம் அலட்சியத்தால்தான் கெடுகிறது. ஆகவே மென்பொருள் எழுதி வாங்கும் முதலாளிகளுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், கல்லூரி நிர்வாகிகளுக்கும் என் வேண்டுகோள்: ஓடும் புரோகிராமோடு அதன் சோர்ஸ் கோட்டையும் கேட்டு வாங்குங்கள், எந்த லினக்ஸ், எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரி, எந்தக் கட்டளையால் கட்டப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைப் புதிய கம்பைலரில் கட்டிப் பார்த்து, பழைய விடையும் புதிய விடையும் பைசா சுத்தமாகப் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். அந்த ஒப்பீட்டைச் செய்பவர்களுக்கு, புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் குறைக்காமல் கொடுங்கள்.