மஞ்சள் படகும் மஃரிப் உளூவும்



வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த என் மைத்துனர், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் பிளாஸ்டிக் கப்பல் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். துண்டுகளை ஒட்டிச் சேர்த்தால் ஒரு சாண் நீள மீன்பிடிக் கப்பல்; நிறத்தை மட்டும் நாமே பூச வேண்டும். அதற்கான சிறு குப்பிகளின் விலையைக் கேட்டதும் மதரஸா ஆசிரியனின் மாத வருமானம் நினைவுக்கு வந்தது. கீழக்கரையில் படகு வேலை செய்யும் உறவினரிடம் மிச்சமிருந்த மஞ்சளையும் சிவப்பையும் சிரட்டையில் வாங்கி வந்தேன். "கடலுக்கே தாங்குகிற பெயிண்ட், மேசைமேல் தாங்காதா?" என்று மகனிடம் பெருமையும் பேசினேன்.

ஓர் உஸ்தாதுக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணிச் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி விசாரித்துச் சிரித்ததையும் அவர்களுக்கு நினைவூட்டினேன்.

அஸர் தொழுதபின் பூசத் தொடங்கினோம். மஃரிப் பாங்கு கேட்டபோதுதான் என் விரல்களைப் பார்த்தேன். நகங்களின் மேலும் இடுக்கிலும் மஞ்சள் காய்ந்திருந்தது. மருதாணி வெறும் நிறம், நீரைத் தடுப்பதில்லை. பெயிண்ட் படலமாகப் படிவது. அதன்கீழ் நீர் சேராது, உளூ நிறைவேறாது. குதிகாலில் நீர் படாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். மண்ணெண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, பள்ளிவாசலை அடைந்தபோது இரண்டு ரக்அத் முடிந்திருந்தது. முன்வரிசையில் என் மாணவர்கள் நின்றார்கள்.

மூன்றாம் நாளும் கப்பல் விரலில் ஒட்டியது. தடித்துப் பூசியதால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றிருந்தது. தின்னரால் துடைத்தேன், பிளாஸ்டிக்கே இளகி, பக்கவாட்டுப் பலகைகள் நெளிந்துபோயின. அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

ஒரு வாரம் கழித்து, மூன்று வயது மகள் அதன் முனையைக் கடித்துக்கொண்டிருப்பதை என் மனைவி கண்டார். நாக்கில் மஞ்சள் துணுக்குகள். அறிவியல் ஆசிரியரான நண்பரிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது. பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டும், இரும்பில் பூசும் சிவப்புக்கு ஈயச் செந்தூரமும் நெடுங்காலம் பயன்பட்டவை என்றார். வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுகளில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. தொழில்துறைப் பெயிண்ட்டுகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. சிரட்டையில் வாங்கியதில் என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் டப்பாவின் சீட்டுகூட இல்லை.

மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. வெளியே எந்த அடையாளமும் காட்டாமலே பாதிப்பது. முடிவு வரும்வரை ஒவ்வொரு தஹஜ்ஜுத்திலும் எனக்கு ஒரே துஆதான். அல்ஹம்துலில்லாஹ், அஞ்சும்படி இல்லை என்றார்கள். பிள்ளை அமானிதம் என்று மேடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். குப்பிகளின் விலையை மிச்சம் பிடித்தபோது அந்தச் சொல் எனக்கு நினைவில்லை.

மைத்துனர் மறுபடி ஒரு பெட்டி அனுப்பினார். இம்முறை நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே வாங்கினோம். அதுவும் காய்ந்தால் படலம்தான். ஆனால் ஈரமாக இருக்கும்போதே கழுவினால் கையை விட்டுவிடும். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துருவைச் சுரண்டிவிட்டுத்தான் பெயிண்ட் பூசினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சே தேர்ந்தார்கள். நான் மட்டும் ஒரு சாண் கப்பலைக் கழுவக்கூட இல்லை. அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்குத் தடவும் எண்ணெய்ப்பசை துண்டுகளில் ஒட்டியிருக்குமாம். அவற்றைச் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஓர் இரவு உலர்த்தினோம். நைசான உப்புத்தாளால் மெல்ல உரசி, வெள்ளை பிரைமர் கொடுத்தோம். அதன்மேல்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். பால்போல் நீர்த்த மூன்று பூச்சுகள். ஒன்று நன்றாகக் காய்ந்தபின்தான் அடுத்தது. வெளிர்நிறம் முதலில், கருநிறம் கடைசியில். வாடைக்காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் குப்பியையே திறக்கவில்லை. மகனுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

அஸருக்குப் பின் அரைமணி நேரம், பிறகு கை கழுவுதல். அந்தக் கப்பல் முடிய பதினோரு நாள்கள் ஆயின. இப்போது அது அலமாரியின் மேல்தட்டில், மகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அவள் தனக்கும் படகு கேட்டு அழுதாள். பெயிண்ட் பூசாமல் பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்து வார்த்த ஒன்றை இராமநாதபுரம் கடையில் தேடினேன். விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்தேன். பிறகும் மனம் ஆறாமல் அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். "எதுக்கு பாய் சுரண்டுறீங்க, உள்ளேயும் மஞ்சள்தான்" என்று கடைக்காரர் சிரித்தார்.